நேச நாடுகள்: யார் வீட்டுப் பெண்ணை யாருக்குக் கொடுத்தார்கள்?

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக வரலாற்றுப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ரஷ்யா, அமெரிக்கா, சீனா ஆகியவை நேச நாடுகள். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகியவை அச்சு நாடுகள். ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கொடிக்காலிலிருந்து வந்த வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டிருந்த அப்பத்தா தலை நிமிராமல் கேட்டார்: "நேசம்னா, யாரு வீட்டுப் பொண்ண யாருக்குக் குடுத்தாங்க?"

வீடே சிரித்தது. "அது சம்பந்தம் இல்லம்மா, சண்டைக்குக் கூட்டு சேந்தது" என்றார் அப்பா. அப்பத்தா விடவில்லை. "பொண்ணு குடுக்காம எடுக்காம எப்பிடிடா கூட்டு சேருவாங்க?"

அன்று நானும் சிரித்தேன். இன்று இந்தக் கட்டுரையை எழுத உட்காரும்போது, இரண்டாம் உலகப் போரின் கூட்டணிகளைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் அப்பத்தாவைப் போல நேராகக் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. எங்கள் பக்கம் இரண்டு குடும்பங்கள் பகை தீர்ந்து ஒன்றானால் 'கொண்டான் கொடுத்தான் ஆகிட்டாங்க' என்பார்கள். கொண்டவன் ஆண், கொடுத்தவனும் ஆண். கொடுக்கப்பட்டவளுக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. புறநானூற்றில் மகட்பாற்காஞ்சி என்று ஒரு துறையே இருக்கிறது. பெண் கேட்டு வேந்தன் வருகிறான், தகப்பனும் அண்ணன்மாரும் மறுக்கிறார்கள், ஊர் அழியப்போகிறது. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. உறவுகள் பெண்களைப் பரிமாறி ஆண்களுக்கிடையே கட்டப்படுகின்றன என்பதை கேல் ரூபின் 1975-ல் கோட்பாடாக எழுதினார். அப்பத்தா அதைப் படித்தவரில்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியோடு, தமிழர்கள் மிக நேரடியாக மாட்டிக்கொண்ட ஒரு போர்க்கால உறவைப் படிக்க விரும்புகிறேன். அது இந்திய தேசிய ராணுவத்துக்கும் ஜப்பானுக்கும் இடையிலான உறவு. அதைப் பற்றி நம்மிடம் ஒரு படமும் சில நாவல்களும் இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத ஒரு பெண்ணும் இருந்தார்.

சுவரில் இருக்கும் படம்

முதலில் படம். பெரியகுளத்திலிருந்து கம்பம் வரை, ராணுவ உடுப்பில் நேதாஜி நிற்கும் படத்தைப் பார்க்காமல் யாரும் வளர முடியாது. அதற்குக் காரணமும் உண்டு. சுபாஷ் சந்திர போஸ் 1939 செப்டம்பரில் மதுரைக்கு வந்தார். முத்துராமலிங்கத் தேவர் பார்வர்டு பிளாக்கைத் தென்மாவட்டங்களில் வேரூன்றச் செய்தார். காலப்போக்கில் அந்த உடுப்பும் தொப்பியும் ஒரு சாதியின் பெருமிதத்துக்கு அடையாளமாகிவிட்டன. தேவர் ஜெயந்தி பேனரில் நேதாஜி இருப்பார். அவரோடு அணிவகுத்த பெண்களை அந்தப் பேனரில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அந்தத் தோட்டத் தொழிலாளர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். படத்தின் சொந்தக்காரர்கள் யார் என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்கினால், பேனரில் விடுபட்டவர்கள் ஏன் விடுபட்டார்கள் என்பது கொஞ்சம் புரியும்.

அவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்பதற்கு 'தேசபக்தி' என்ற ஒற்றைச் சொல் போதாது. போருக்கு முந்தைய ஆண்டுகளில் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு சேர்த்துத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமார்களும் மேலாள்களும் எங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்பது. பிரிட்டிஷ் அரசு ராணுவத்தை இறக்கி அந்தப் போராட்டத்தை ஒடுக்கியது. தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். எல்லா மக்களும் தங்கள் ஆட்சிமுறையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை மதிப்பதாக அதில் எழுதினார்கள். அடுத்த மாதமே, இது இந்தியாவுக்குப் பொருந்தாது என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கினார். நேச நாடுகளின் நேசம் எதுவரை என்பது கிள்ளான் தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தச் சாசனத்தைப் படிக்காமலே தெரிந்திருக்கும்.

ஆகவே 'எதிரிக்கு எதிரி நண்பன்' என்று நேதாஜி சொன்னபோது அது அந்தப் பெண்ணின் காதில் நியாயமாகத்தான் விழுந்திருக்கும். அதை நான் குறைசொல்ல வரவில்லை. அந்த நண்பன் அவளிடமிருந்து என்ன வாங்கினான் என்றுதான் கேட்க வருகிறேன்.

ஓர் அக்டோபர் மாதம்

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் முதல் இந்திய தேசிய ராணுவத்தைக் கட்டினார். இந்த உறவின் நிபந்தனைகள் என்ன, எங்களைச் சமமான நட்புப் படையாக நடத்துவீர்களா என்று அவர் தெளிவாகக் கேட்கத் தொடங்கினார். 1942 டிசம்பரில் ஜப்பானியர் அவரைக் கைதுசெய்தார்கள். கூட்டாளியிடம் கணக்குக் கேட்டவருக்குக் கிடைத்த பதில் அது.

1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்து பொறுப்பேற்றார். அந்த மாதம் 12-ஆம் தேதி பெண்களுக்கென்று தனிக் கூட்டம் நடந்தது. சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940-ல் சிங்கப்பூர் சென்று மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், 20 பெண்களைத் திரட்டித் துப்பாக்கியோடு அணிவகுப்பு மரியாதை செய்யவைத்தார். ஜான்சி ராணிப் படை அப்படித் தொடங்கியது. ஜப்பானியர் இந்தப் படையை விரும்பவில்லை. பெண்களுக்கு ஆயுதமும் உணவும் கொடுப்பது அவர்களுக்கு வீண் செலவாகப் பட்டது. போஸ் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதத்துக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். 1943 அக்டோபர் 21, சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அதன் அமைச்சரவையில் ஒரே பெண் லட்சுமி. அக்டோபர் 22, ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அடுத்த ஓரிரு நாளில் பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர்ப் பிரகடனம். ஜப்பான், ஜெர்மனி தொடங்கி ஒன்பது அரசுகள் இந்தத் தற்காலிக அரசை அங்கீகரித்தன. நம் புத்தகங்களில் இவையெல்லாம் ஒரு பக்கத்தில் இருக்கின்றன.

வேறொரு புத்தகத்தின் வேறொரு பக்கத்தில் வேறு இரண்டு தேதிகள் இருக்கின்றன. 1943 அக்டோபர் 17, சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போடப்பட்டுவந்த தண்டவாளங்கள் நடுக்காட்டில் ஒன்றுசேர்ந்தன. அக்டோபர் 25, அந்த ரயில்பாதை முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 415 கிலோமீட்டர். அதற்காக ஜப்பானியர் வேலைவாங்கிய நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல் மூன்று மடங்கு. இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது கணிப்பு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். புருஷனோடு போன பெண்களும் குழந்தைகளும்கூட அங்கே இருந்தார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்றன.

ஒரே மாதம், ஒரே நட்பு நாடு, பல நேரங்களில் ஒரே தோட்டத்து லயம். ஒரு வீட்டில் மகள் காக்கி உடுத்தி முகாமுக்குப் போகிறாள். பக்கத்து வீட்டில் தகப்பனை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோகிறார்கள். இந்திய சுதந்திர லீக்கின் கிளைகள் தோட்டங்களிலும் இருந்தன. ஆகவே ரயிலுக்கு ஆள்பிடிப்பது அங்கே யாருக்கும் தெரியாத செய்தியாக இருந்திருக்க முடியாது. ரயிலுக்குத் தப்புவதற்காகவே பட்டாளத்தில் சேர்ந்த ஆண்களும் உண்டு. பர்மா போர்முனைக்குப் போன நம் படையினர், ராணிகள் உட்பட, பயணம் செய்தது அந்தத் தண்டவாளத்தின் மேல்தான்.

நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர், கூட்டத்திலேயே காதிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். படையில் சேரும் தாளில் அப்பாவின் கையெழுத்து வேண்டியிருந்ததால், அப்பாவைச் சம்மதிக்கவைக்க அவர் பட்ட பாடும் பதிவாகியிருக்கிறது. ஒரு பேரரசை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கப் போகிறவளை முதலில் தகப்பன் கொடுக்க வேண்டும். அப்பத்தாவின் கேள்வியில் இருந்த அந்தக் 'குடுத்தாங்க' இங்கே எழுத்தாகவே இருக்கிறது.

மறுபுறம், அதே நட்பு நாட்டின் ராணுவம் மலாயா, சிங்கப்பூர், பர்மா எங்கும் 'ஆறுதல் நிலையங்கள்' நடத்தியது. கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் பெண்கள் அவற்றில் அடைக்கப்பட்டார்கள். வயசுப் பெண்களின் முடியை வெட்டி ஆண்பிள்ளை உடை மாட்டிவிட்ட குடும்பங்கள் மலாயாவில் பல இனத்திலும் இருந்தன. ராணிப் படை முகாம் சில பெற்றோருக்குப் பாதுகாப்பான இடமாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எந்தக் கூட்டாளியோடு சேர்ந்து போரிட மகள் போகிறாளோ, அவனிடமிருந்தே அவளைக் காக்கவும் அந்த முகாம் தேவைப்பட்டது. இந்த முரண்பாட்டைச் சொல்வது அந்தப் பெண்களின் தியாகத்தைக் குறைப்பதாகாது. அவர்கள் எவ்வளவு நெருக்கடியான இடத்தில் நின்று முடிவெடுத்தார்கள் என்பதை அப்போதுதான் நாம் பார்க்கவே தொடங்குகிறோம்.

இரண்டு அலமாரிகள்

நம் இலக்கியம் இதை எப்படி வைத்திருக்கிறது? இரண்டு அலமாரிகளில் வைத்திருக்கிறது. ஒன்றில் வீரம், மற்றொன்றில் துயரம்.

மலேசிய நாவலாசிரியர் அ. ரெங்கசாமி இரண்டைப் பற்றியும் எழுதினார். சயாம் ரயிலுக்கு 'நினைவுச் சின்னம்', இந்திய தேசிய ராணுவத்துக்கு 'இமையத் தியாகம்'. இரண்டும் தனித்தனி நாவல்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' முழுக்க ரயிலின் கதை. இவர்கள் எழுதாவிட்டால் தோட்டத்து மனிதர்களின் அந்த மூன்றரை ஆண்டுகள் தமிழில் இல்லாமலே போயிருக்கும். அந்த நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் இந்தப் பிரிப்பு வாசகருக்கு ஒரு வசதியைச் செய்துகொடுத்துவிடுகிறது. வீரத்தைப் படிக்கும்போது ஜப்பான் நண்பன். துயரத்தைப் படிக்கும்போது ஜப்பான் அரக்கன். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டாகவும் பார்த்த தோட்டத்துப் பெண்ணின் கண் எந்த அலமாரியிலும் இல்லை.

ப. சிங்காரத்திடம் வருகிறேன். சிங்கம்புணரியில் பிறந்து, மேடானில் வேலைபார்த்து, போரைக் கண்ணால் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவர். 'கடலுக்கு அப்பால்' 1959-லும் 'புயலிலே ஒரு தோணி' 1972-லும் நூலாயின. நட்பு நாடு பற்றிச் சிங்காரத்துக்கு மயக்கம் கிடையாது. ஜப்பானியர் மேடானுக்குள் நுழைந்ததும் தலைகளை வெட்டிக் காட்சிக்கு வைப்பதை எந்த உணர்ச்சி வசனமும் இல்லாமல் எழுதியவர் அவர். தமிழ்ப் பெருமிதத்தையும் கிண்டல்செய்யத் தயங்காதவர். அப்படிப்பட்டவரின் கண்ணும் ஓர் இடத்தில் பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. 'புயலிலே ஒரு தோணி'யில் பெண்கள் பெரும்பாலும் தெருவிலும் விடுதியிலும் நாயகனின் நினைவிலும் வந்துபோகிறார்கள். இந்திய தேசிய ராணுவம் இவ்வளவு விரிவாக வரும் நாவல்களில், ராணிப் படையைச் சேர்ந்த ஒரு பெண் முக்கியப் பாத்திரமாக இல்லை.

எனக்கு 'கடலுக்கு அப்பால்' இன்னும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் அப்பத்தாவின் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. பினாங்கில் வட்டித்தொழில் செய்யும் வயிரமுத்துப் பிள்ளை, தன் கடையில் வேலைபார்த்த செல்லையாவுக்கு மகள் மரகதத்தைக் கொடுக்க நினைத்திருந்தவர். செல்லையா பட்டாளத்தில் சேருகிறான். போர் முடிந்து திரும்பியவனுக்குப் பெண் கிடையாது. துப்பாக்கி பிடித்தவன் பணிந்து பேரேடு எழுதமாட்டான் என்பது அவர் கணக்கு. மருமகன் என்றால் தொழிலுக்கு வாரிசு. கொண்டான் கொடுத்தான் என்பதும் ஒரு கூட்டு வியாபாரம்தான்.

இந்த நாவலைத் தோற்றுப்போன காதலின் கதை என்று விமர்சகர்கள் படித்திருக்கிறார்கள். போரால் இடம்பெயர்ந்த இளைஞனின் கதை என்றும் படித்திருக்கிறார்கள். இரண்டு வாசிப்பிலும் இழப்பு செல்லையாவுடையது. மரகதத்தின் விருப்பம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தும் அது கணக்கில் வராது. சிங்காரம் இதை மறைக்கவில்லை. தகப்பனின் கொடுமையை வெளிப்படையாகவே காட்டுகிறார். ஆனால் மனதைத் தேற்றிக்கொண்டு நடந்துபோகும் சுதந்திரத்தை நாவல் செல்லையாவுக்குத் தருகிறது. மரகதம் எங்கே நடந்துபோவது? அவள் வயதுப் பெண்கள் சீருடையில் அணிவகுத்தது அதே மலாயாவில்தான். அந்த வாசல் ஒன்று அவள் ஊரில் திறந்து மூடியது என்பதற்கு அவள் வாழ்க்கையில் எந்தத் தடயமும் இல்லை. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

வரலாற்றாசிரியர்கள் பின்னால் வந்து கொஞ்சம் ஈடுகட்டினார்கள். ஜாய்ஸ் லெப்ராவின் நூல் 2008-லும் வேரா ஹில்டெப்ராண்டின் நூல் 2016-லும் ஆங்கிலத்தில் வந்தன; ஹில்டெப்ராண்ட் உயிரோடிருந்த ராணிகளைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார். படையில் ஆயிரம் பேர் இருந்தார்கள் என்ற கணக்கும் உண்டு, அதில் பாதிகூட இல்லை என்ற கணக்கும் உண்டு. ஆண்களின் படைக்கு ரெஜிமெண்ட் வாரியாகக் கணக்கு வைத்திருந்தோம். பெண்களின் படையில் எத்தனை பேர் என்பதே இன்றும் விவாதம். 1945 நவம்பரில் செங்கோட்டை விசாரணை தொடங்கியபோது நாடே ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் என்ற மூன்று ஆண்களின் பெயரைச் சொல்லிக் கொதித்தது. அதே ஆண்டு ரங்கூனிலிருந்து குண்டுவீச்சுக்கு நடுவே பின்வாங்கிவந்த தோட்டத்துப் பெண்கள் சத்தமில்லாமல் லயங்களுக்குத் திரும்பினார்கள்.

கைநாட்டு

இனி எங்கள் வீடு. அப்பத்தாவின் அண்ணன், 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடைசெய்வதற்கு முந்தியே கப்பலேறிப் போனவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்சாதியை ஜெயமங்கலத்தில் விட்டுவிட்டுப் போனார். கடுதாசியும் பணமும் வந்துகொண்டிருந்தன. ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் தபால் நின்றது. போர் முடிந்து தபால் திரும்பவந்தது. அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அந்த அம்மாச்சியை எனக்கு நன்றாகத் தெரியும். வராக நதிக் கரையில் நடவுக்குப் போவார், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுவார், பொழுதுசாய எங்கள் திண்ணைக்கு வந்து அப்பத்தாவோடு உட்கார்ந்துவிடுவார். கழுத்தில் தாலி இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் யாரும் அவரை முன்னால் கூப்பிடமாட்டார்கள். சுமங்கலியா விதவையா என்று ஊருக்கே தெரியாத ஒருத்தியை எந்தச் சடங்கிலும் சேர்க்க முடியாது.

வீட்டு ஆண்களுக்கு அவர் எப்படிப் போனார் என்பதில் சந்தேகமே இல்லை. "மாமா நேதாஜி பட்டாளத்துல சேந்து செத்தவரு" என்பார் அப்பா. யார் சொன்னது என்று கேட்டால் பதில் இருக்காது. சுவரில் இருந்த படம்தான் சாட்சி. 1972-ல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் வந்தது; இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் அது உண்டு, இறந்தவர்களின் மனைவிக்கும் உண்டு. சொந்தக்காரர் ஒருவர் விண்ணப்பம் எழுதி, சாட்சி சொல்ல ஆளும் தேடிவைத்து, அம்மாச்சியிடம் நீட்டினார். அம்மாச்சி கட்டைவிரலை நீட்டவில்லை.

"பட்டாளத்துக்குப் போனாருன்னு எனக்குத் தெரியாது. செத்தாருன்னும் தெரியாது. தெரியாததுக்குக் கைநாட்டு வெக்க மாட்டேன்."

இந்தக் கதையை அப்பத்தா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதோடு இன்னொன்றும் சொல்வார். போருக்குப் பிறகு மலாயாவிலிருந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், அவர் இருந்த தோட்டத்திலிருந்து பாதி ஆட்களை ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அம்மாச்சியிடம் சொன்னாராம். அதை வீட்டு ஆண்கள் யாரும் திரும்பச் சொன்னதில்லை. ரயிலுக்குப் பிடிபட்டுக் காலராவில் செத்தவர் என்றால் அதில் என்ன பெருமை? எங்கள் வீட்டிலும் இரண்டு அலமாரிகள் இருந்தன. ஒன்றை மட்டும்தான் திறந்தார்கள்.

அந்தக் கைநாட்டுக்கு ஓய்வூதியம் கிடைத்திருக்கும். அவர் இருந்த நிலைமையில் அது சின்னப் பணமில்லை. வாங்கியிருந்தாலும் நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் மறுத்ததன் மூலம் அவர் செய்தது என்ன என்று இப்போது புரிகிறது. தன் புருஷனை ஒரு கூட்டணியின் வீரக் கதைக்குக் கொடுக்க மறுத்தார். அவர் விரும்பியிருந்தால் அந்த நட்பும் தியாகமும் ஓர் ஒழுங்கான கதையாக முடிந்திருக்கும். முடியவிடவில்லை. தமிழில் அந்தப் போரைப் பற்றி நான் கண்ட விமர்சனங்களில் அந்த மறுப்பைவிடக் கறாரான ஒன்று இல்லை.

இரண்டு கப்பல்கள்

போருக்குப் பின் பகை நாடுகள் மறுபடி நேச நாடுகளாயின. காஞ்சனபுரியில் நேச நாட்டுச் சிப்பாய்களின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000, வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு இருக்கின்றன. ராணுவங்கள் தங்கள் ஆட்களின் பட்டியலைக் காப்பாற்றி வைத்திருந்தன. தோட்டத்து ஆட்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை, பெயர் பொறித்த தனித்தனிக் கல்லறையும் இல்லை. 1957-ல் உலகமே பார்த்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தை இலங்கையின் கித்துல்கலையில் எடுத்தார்கள்; அந்தப் பாலத்தின் கதையில் ஒரு தமிழ்த் தொழிலாளிக்கு வசனம் இல்லை. 1967-ல் ஜப்பானும் மலேசியாவும் ஒப்பந்தம் செய்துகொண்டு பழைய ரத்தக்கடனைத் தீர்த்தன. மலேசியாவுக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள் கிடைத்தன. புருஷனைச் சயாமில் தொலைத்த பெண்ணின் கைக்கு அதில் ஒரு சல்லி வரவில்லை. ஆறுதல் நிலையங்களில் இருந்த பெண்களைப் பற்றி அரசுகள் பேசுவதற்கு, கொரியாவில் கிம் ஹாக் சுன் 1991 ஆகஸ்டில் தன் பெயரோடும் முகத்தோடும் முன்னால் வர வேண்டியிருந்தது. கொடுத்தவனும் கொண்டவனும் கைகுலுக்கிக் கணக்கை முடித்த பிறகு, கொடுக்கப்பட்டவள் தானே வந்து வாயைத் திறந்தால்தான் கணக்கு மறுபடி திறக்கும்.

நமக்கு இங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு அலமாரிகளையும் ஒன்றாகத் திறந்து படிப்பது. 'இமையத் தியாகம்' படிக்கும் மாணவி அதே வாரம் 'நினைவுச் சின்னம்' படிக்க வேண்டும். 'கடலுக்கு அப்பால்' பாடம் நடத்தும் ஆசிரியர், மரகதத்தின் வயதில் துப்பாக்கி தூக்கிய தோட்டத்துப் பெண்ணைப் பற்றியும் பேச வேண்டும். ஜெயந்தி பேனர் அடிப்பவர்களிடம், உங்கள் நேதாஜிக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்கள் எந்தச் சாதி, எந்தத் தோட்டம், அவர்களின் தகப்பன்மார் எந்த ரயில்பாதையில் போனார்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் கோபம் வரும். வரட்டும்.

அம்மாச்சி இறந்தபோது அவரைச் சுமங்கலியாக எடுப்பதா வேண்டாமா என்று பந்தலில் ஆண்கள் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் அப்பத்தாதான் எழுந்துபோய், யாரையும் கேட்காமல், மதினியின் நெற்றியில் குங்குமத்தை வைத்தார். தாலியைக் கழற்றவிடவில்லை. பொழுது இறங்கும் முன் தூக்கிவிட்டார்கள்.

அன்றிரவு திண்ணையில் அப்பத்தா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "அந்தப் பொண்ணக் குடுத்தது எங்கப்பன்தான். அவுக வீட்டுல போயி கேட்டு வாங்கிட்டு வந்து, அங்கிட்டுக் குடுத்துட்டாரு" என்றார். 'அங்கிட்டு' என்று அவர் கையை நீட்டியது கிழக்கே, கடல் இருக்கும் திசையில்.